பிடி அரிசியும் காத்திருக்கும் டாலரும்

திண்டுக்கல்லில் எங்கள் நாகல் நகர் வீட்டு அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பானை இருந்தது. காலையில் உலை வைக்கும்போது அம்மா படியால் அரிசி அளந்து எடுப்பார். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளிச் சின்னப் பானையில் போடுவார். மாதக் கடைசியில் அரிசி தட்டுப்பட்டால் பிடி சிறுக்கும். போடாமல் விட்டு நான் பார்த்ததில்லை. தை பிறந்ததும் நத்தம் சாலையிலும் மதுரைச் சாலையிலும் பழநிப் பாதயாத்திரைக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். தெருக்காரர்கள் பந்தல் போட்டுக் கஞ்சி காய்ச்சுவார்கள். எங்கள் பானை அந்த அண்டாவில் கவிழும். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்திலும் இதே மாதிரி ஒரு பானை உண்டு. அவர்கள் அரிசி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்.

பந்தலில் அம்மாவும் கரண்டி பிடிப்பார். காலில் துணி சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர் கஞ்சியை ஊதி ஊதிக் குடிப்பதையும், இன்னொரு குவளைக்கு நீட்டுவதையும் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். தான் போட்ட அரிசி யார் வயிற்றுக்குப் போனது என்று அவருக்குத் தெரியும்.

போன டிசம்பர் கடைசி வாரம் டெக்சாஸில் இருக்கும் அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, இந்த வருசம் கம்பெனி ஷேர் கொஞ்சத்த அப்படியே தர்மத்துக்குக் குடுத்துட்டேன். முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள போட்டாத்தான் இந்த வருசத்து வரியில கழியும்."

"நல்ல காரியம்ப்பா. யாருக்குக் குடுத்த?"

"இன்னும் யாருக்கும் குடுக்கல மாமா. ஃபண்டுல கெடக்கு. நிதானமா முடிவு பண்ணலாம்னு இருக்கேன்."

"எப்ப முடிவு பண்ணுவ?"

"அதுக்குக் கெடு எதுவும் இல்ல மாமா."

அவன் நல்ல பிள்ளை. சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கொடுத்தாயிற்று என்பதும் உண்மை, யாருக்கும் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. எங்கள் அம்மா காலத்தில் இந்த இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. தர்மம் என்ற காரியத்துக்குள் எவ்வளவு பெரிய மாற்றம் வந்துவிட்டது என்று அந்த ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவன் பணம் போட்டிருக்கும் ஏற்பாட்டுக்கு டோனர் அட்வைஸ்டு ஃபண்ட் என்று பெயர். கொடையாளர் ஆலோசனை நிதி என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற ஒரு பொது அறநிறுவனத்தில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறக்கிறீர்கள். அதில் பணத்தையோ பங்குகளையோ போட்ட அன்றே அது சட்டப்படி உங்களுடையது இல்லை. திரும்ப எடுக்க முடியாது. அதனால் வரிக்கழிவு அன்றைக்கே கிடைக்கிறது. விலை ஏறிய பங்குகளை விற்காமல் அப்படியே கொடுத்தால் மூலதன ஆதாய வரியும் இல்லை. பிறகு எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு, எவ்வளவு, எப்போது என்று நீங்கள் ஆலோசனை சொல்கிறீர்கள். சட்டத்தில் அது ஆலோசனைதான். நடப்பில் பெரும்பாலும் அப்படியே செய்துவிடுகிறார்கள். அதுவரை பணம் முதலீட்டில் கிடந்து வளரும்.

இது நேற்றைய கண்டுபிடிப்பு அல்ல. நியூயார்க் கம்யூனிட்டி டிரஸ்ட் 1931-இலேயே இப்படி ஒரு நிதியைத் தொடங்கிவிட்டது. ஆனால் 1991-இல் ஃபிடிலிட்டி என்ற பெரிய முதலீட்டு நிறுவனம் இதற்கென்றே ஓர் அறநிறுவனத்தை அமைத்த பிறகுதான் இது வெள்ளமாகப் பெருகியது. வான்கார்டு, ஷ்வாப் நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. அமெரிக்காவில் மக்களிடமிருந்து மிக அதிக நன்கொடை பெறும் அமைப்புகளின் பட்டியலில் யுனைடெட் வே பல்லாண்டு முதலிடத்தில் இருந்தது. 2016-இல் வெளிவந்த பட்டியலில் ஃபிடிலிட்டி சாரிட்டபிள் அதைத் தாண்டியது. ஊர் ஊராகப் போய் உதவுகிற அமைப்பைக் கணக்கு வைத்துக்கொள்கிற அமைப்பு தாண்டியது என்ற செய்தி எனக்கு அப்போதே உறுத்தியது. 2023 முடிவில் இத்தகைய கணக்குகளில் இருந்த தொகை 25,000 கோடி டாலருக்கு மேல். அந்த ஆண்டில் உள்ளே வந்தது ஏறத்தாழ 5,900 கோடி, தொண்டு நிறுவனங்களுக்குப் போனது ஏறத்தாழ 5,500 கோடி டாலர்.

தனியார் அறக்கட்டளை என்றால் ஆண்டுதோறும் சொத்தில் 5 சதவீதமாவது செலவிட வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. இந்த நிதிக் கணக்குகளுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. சுறுசுறுப்பாகக் கொடுப்பவர் பலர் இருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. பெருந்தொற்று வந்த 2020-இல் இந்தக் கணக்குகளிலிருந்து வெளியே போன தொகை முந்தைய ஆண்டைவிடக் கால்பங்குக்கு மேல் கூடியது. முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்ததால்தான் நெருக்கடியில் உடனே அள்ளிக் கொடுக்க முடிந்தது. ஆனால் ஒரு கணக்கு பத்து வருடம் தூங்கினாலும் அதைத் தட்டி எழுப்பும் சட்டம் இல்லை.

முதலில் ஒதுக்கு, பிறகு யாருக்கென்று தீர்மானி என்ற ஏற்பாடு நமக்குப் புதிதா? இல்லை. மகமை அதுதானே. நாடார் வணிகர்கள் தங்கள் கடையில் கைமாறும் சரக்குக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை எடுத்து உறவின்முறைப் பொது நிதியில் சேர்த்தார்கள். விற்கும்போதே எடுத்துவிடுவதால் கொடுப்பவருக்குக் கை கனக்காது. அந்தப் பணம் கிணறாக, பேட்டையாக, பள்ளிக்கூடமாக மாறியது. விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அப்படித்தான் எழுந்தது. நம் மாவட்டத்துப் பட்டிவீரன்பட்டியில் பிறந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையேற்று நடத்திய நாடார் மகாஜன சங்கம், இந்தப் பழக்கம் தந்த பலத்தின்மேல் நின்றது. மகமைப் பணமும் கொஞ்ச காலம் சும்மா கிடந்திருக்கும். ஆனால் கூட்டம் கூடும், கணக்கு வாசிக்கப்படும், போன வருடப் பணம் என்னவாயிற்று என்று எழுந்து கேட்க ஒருவர் இருப்பார். கேட்பவரும் பதில் சொல்பவரும் மறுநாள் ஒரே கடைத்தெருவில் முகம் பார்க்க வேண்டியவர்கள்.

அதற்கும் முன்னால் கோயில் கட்டளை. சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்கு எரிய 90 ஆடு, சில இடங்களில் 96 ஆடு கொடுத்த செய்தி ஏராளம். அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். செத்தது போகக் குட்டி வந்து எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும் என்பது பொருள். இன்றைய பாஷையில் அது நிரந்தர வைப்பு நிதி. ஆனால் கல்வெட்டு அதோடு நிற்பதில்லை. ஆட்டை ஏற்ற இடையர் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று அளவையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். முதல் அப்படியே இருக்கட்டும், நெய் இன்று சாயங்காலம் வந்தாக வேண்டும். பழநியில் அன்னதானத்துக்கு முதலைக் கட்டி, வட்டியில் தகப்பனார் நினைவு நாளன்று இலை போடச் சொல்லும் குடும்பங்கள் செய்வதும் இதைத்தான். வக்ஃபு சொத்திலும் வருமானம் யாருக்கு, எதற்கு என்பது எழுதப்பட்டிருக்கும். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு கொடைக் கல்வெட்டில் இருந்த கெடு, இன்றைய கணினிக் கணக்கில் இல்லை.

திண்டுக்கல்லில் கொடையைப் பற்றிப் பேசிவிட்டுக் காந்திகிராமத்தைப் பேசாமல் இருக்க முடியாது. அதை உருவாக்கிய டாக்டர் டி.எஸ். சௌந்தரம், டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதில் கணவரை இழந்தவர், டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தார், காந்தியவாதி ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1944 பிப்ரவரியில் கஸ்தூர்பா காலமானபோது நாடு முழுக்க அவர் பெயரால் நிதி திரட்டினார்கள். அந்த அக்டோபர் 2-இல் காந்திக்கு 75 வயது நிறைவதால் 75 லட்சம் ரூபாய் இலக்கு. வந்து சேர்ந்தது ஒரு கோடியைத் தாண்டியது. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று நோக்கம் எழுதப்பட்ட நிதி அது. அதன் அறக்கட்டளைக்குத் தமிழ்நாட்டுப் பிரதிநிதியாக இருந்த சௌந்தரம் சின்னாளப்பட்டியில் சிறிய அளவில் மருத்துவப் பணி தொடங்கினார். அங்கே முளைத்ததுதான் இன்றைய கஸ்தூர்பா மருத்துவமனை. 1947-இல் காந்திகிராமம் பிறந்தது. 1956-இல் கிராமியக் கல்வி நிலையம் வந்தது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

அந்த ஊருக்கு யாருடைய பெயர் இருக்கிறதோ, அவர் இந்த விஷயத்தில் தெளிவாக ஒரு கருத்து வைத்திருந்தார். 1894-இல் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கி நடத்திய காலத்தில், பொது அமைப்புக்கு வருமானம் தரும் சொத்து இருந்தால் நல்லது என்று நினைத்து வாங்கினார். அவர் தென்னாப்பிரிக்காவை விட்டு வந்த பிறகு அந்தச் சொத்தே உள்சண்டைக்குக் காரணமாகி, வாடகைப் பணம் நீதிமன்றத்தில் தேங்கியது. அதிலிருந்து, பொது நிறுவனம் நிரந்தர நிதியில் வாழக் கூடாது, ஆண்டுதோறும் மக்கள் தரும் சந்தாவில் வாழ வேண்டும், சந்தா நின்றுபோனால் அந்த நிறுவனத்தின் தேவையும் முடிந்தது என்று கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு வந்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மருத்துவமனை போன்ற ஒன்றை அப்படி ஆண்டுக்கு ஆண்டு நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் சொன்னதன் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. நன்கொடை கேட்டுப் போகிறவர் ஒவ்வொரு வருடமும் ஊராருக்கு முகம் கொடுத்தாக வேண்டும். அந்த முகம் கொடுத்தல்தான் தணிக்கை.

காந்திகிராமமே பிறகு பல வகைப் பணத்தில் நடந்தது. அரசு மானியம் வந்தது. 1950-களின் கடைசியில் ஆத்தூர் வட்டாரத்துச் சுகாதாரப் பணிக்கு அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை உதவியது. அங்கே நடந்த குடும்ப நல வேலை நாடு முழுக்கப் பேசப்பட்டது. எங்கிருந்தோ வரும் பணம் என்பதாலேயே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஃபோர்டு ஆட்கள் எதற்குக் கொடுக்கிறோம், எத்தனை வருடத்துக்கு, என்ன பலன் என்று தெரிந்து கொடுத்தார்கள்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு சின்ன இல்லத்துக்கு மாதம் ஒரு முறை கணக்கு எழுத உதவப் போகிறேன். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் இருக்கும் இல்லம். அலமாரியில் பழைய ரசீதுப் புத்தகங்கள் அடுக்கியிருக்கின்றன. கார்பன் தாள் வைத்து எழுதிய அடிக்கட்டைகள். புரட்டினால் ஊரே அதில் இருக்கிறது: புகையிலை வியாபாரி, பூட்டுக் கடைக்காரர், பூ மார்க்கெட் கமிஷன் மண்டி, தோல் ஷாப்பில் கணக்குப்பிள்ளை, ஓய்வுபெற்ற டீச்சர். பத்து ரூபாய், இருபத்தைந்து ரூபாய், ஒரு மூட்டை வெங்காயம். ஓர் அடிக்கட்டையில் "மகள் பெரிய மனுஷியானதற்கு" என்று பென்சிலால் எழுதியிருந்தது. வசூலுக்குப் போன அண்ணன் சைக்கிளில் போய்க் கதவைத் தட்டி, மோர் குடித்து, வீட்டு நல்லது கெட்டது விசாரித்து வாங்கி வந்த பணம் அது.

இப்போது அதே மேசையில் கணினி இருக்கிறது. 12ஏ பதிவு, 80ஜி பதிவு, நீதி ஆயோக்கின் தர்பன் எண், கம்பெனிப் பணம் வாங்கச் சிஎஸ்ஆர்-1 எண், ஒவ்வொரு கொடையாளருக்கும் ஆண்டு முடிந்ததும் 10பிஇ சான்று. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி கழிவு கிடையாது. புதிய வரி முறைக்கு மாறிய மாதச் சம்பளக்காரருக்கு அந்தக் கழிவே இல்லை. வரிக்காகக் கொடுத்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று இல்லத்தை நடத்தும் அம்மா சொன்னார். டீச்சர் மட்டும் இன்னும் அனுப்புகிறார்.

அந்த அம்மா என்னிடம் ஒரு நாள் கேட்டார்: "சார், உங்க அக்கா பையன் அமெரிக்காவுல ஏதோ ஃபண்டுல வச்சிருக்காருன்னீங்களே, அதுலேர்ந்து நமக்கு ஒரு வேன் வாங்க முடியுமா?" விசாரித்துப் பார்த்தேன். அந்தக் கணக்கிலிருந்து அமெரிக்காவில் பதிவான அமைப்புகளுக்குத்தான் பெரும்பாலும் நேரே கொடுப்பார்கள். வெளிநாட்டுக்கு என்றால் அமெரிக்கன் இந்தியா ஃபவுண்டேஷன், கிவ்2ஏசியா, சிஏஎஃப் அமெரிக்கா போன்ற இடைநிலை அமைப்பு ஒன்று வேண்டும். அவர்கள் இங்குள்ள நிறுவனத்தின் ஆவணங்களைப் பார்த்து ஏற்க வேண்டும். இந்தப் பக்கம் வாங்குகிறவர் எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதற்கு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாயாவது தொண்டுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். பதிவு கிடைத்தால் பணம் முதலில் வந்து இறங்குவது புதுடில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில். எங்கள் இல்லத்துக்கு அந்தப் பதிவு இல்லை.

பதிவு இருந்தும் வெளிநாட்டுத் தொடர்பு இல்லாத சின்ன நிறுவனங்களுக்கு முன்பு ஒரு வழியாவது இருந்தது. பதிவு பெற்ற பெரிய நிறுவனம் வெளிநாட்டுப் பணத்தை வாங்கி, தானே நேரில் போய்ப் பார்த்து, பதிவு பெற்ற சின்ன நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். காகித வேலை பெரியவர் தலையில், களப்பணி சின்னவர் கையில். 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் அந்தப் பிரிப்பை முழுக்கத் தடை செய்தது. நிர்வாகச் செலவுக்கான வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. தவறாகப் போன பணத்தைத் தடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் வெளிநாட்டுக் கொடையாளர் யாரையும் தெரியாத கிராமத்து அமைப்புகளுக்கு இருந்த ஒற்றையடிப் பாதையும் இதில் மூடிப்போனது. இது தவறான முடிவு என்றே நினைக்கிறேன்.

பணம் தூங்கக் கூடாது என்பதில் நம் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிடக் கறாரானது. அதைப் பாராட்டவும் வேண்டும். இந்தியாவில் வரிவிலக்கு பெறும் அறக்கட்டளை வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே செலவிட வேண்டும். ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று எழுதிக் கொடுத்துச் சேர்த்து வைத்தாலும் ஐந்து வருடம்தான். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கும் விதி 2014-இல் நடைமுறைக்கு வந்தது. தொடரும் திட்டத்துக்கான பணம் செலவாகாமல் நின்றால் தனிக் கணக்கில் போட்டு மூன்று ஆண்டுக்குள் செலவிட வேண்டும். அமெரிக்க மாதிரி ஆலோசனை நிதி என்று இங்கே தனிச் சட்ட வகை கிடையாது. ஓர் அறக்கட்டளை இன்னோர் அறக்கட்டளைக்குக் கொடுத்தால் அதில் 85 சதவீதத்தையே செலவாகக் கணக்கில் எடுப்போம் என்று 2023-இல் கொண்டுவந்த விதியும் பணம் கைமாறிக்கொண்டே இருப்பதைத் தடுக்கத்தான். ஆனாலும் செல்வர் குடும்பங்களுக்குக் கொடையை நிர்வகித்துத் தரும் சேவைகள் பெருநகரங்களில் வளர்ந்து வருகின்றன. அமெரிக்கப் பழக்கம் இங்கேயும் வரும். வரும்போது அந்த உழக்கு நெய்யையும் சேர்த்து எழுதி வைத்தால் நல்லது.

இன்னொன்று, கொடையாளரின் முகம். நிதிக் கணக்கிலிருந்து வரும் பணம் பல சமயம் நிதி நிறுவனத்தின் பெயரில்தான் வரும். கொடுத்தவர் விரும்பினால் பெயரே வராமல் போகலாம். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்ற பண்பு நமக்கும் உண்டு. ஆனால் வாங்குகிற அமைப்புக்கு, இன்னும் கொஞ்சம் தேவைப்படுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது, போன வருடம் கொடுத்தவர் இந்த வருடம் ஏன் நிறுத்தினார் என்று யாரைக் கேட்பது? சைக்கிளில் போன அண்ணனுக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை. கதவைத் தட்டினால் காரணம் தெரிந்துவிடும்.

ஊர் முழுக்க மாறிவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. 2024 ஜூலை 30-இல் வயநாட்டில் மலை சரிந்தது. ஆகஸ்டில் திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடையில் மொய் விருந்து வைத்தார்கள். வயிறாரச் சாப்பிடலாம், பில் கிடையாது, முடிந்ததை மொய்யாக வைக்கலாம், அத்தனையும் வயநாட்டுக்கு. குடும்பம் குடும்பமாக வந்து சாப்பிட்டார்கள். கல்யாண வீட்டுப் பழக்கத்தை முன்பின் தெரியாத ஊருக்காக இப்படித் திருப்பிய அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கொடுக்க வேண்டும் என்று தோன்றியதற்கும் பணம் கிளம்பியதற்கும் நடுவில் ஒரு சாப்பாட்டு நேரம்தான் இடைவெளி.

அக்கா மகனிடம் மறுபடி பேசினேன். அவன் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறான். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் இருந்தாலும் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கொள்ளப்படுவதில்லை. அதனால் எஃப்சிஆர்ஏ இல்லாத எங்கள் வேடசந்தூர் இல்லத்துக்கும் அவன் நேரே அனுப்பலாம். ஃபண்டில் போட்ட பணம் அப்படி வர முடியாது. அது அமெரிக்க நிறுவனத்தின் பணமாகிவிட்டது. "இது தெரிஞ்சிருந்தா பாதியக் கையில வச்சிருப்பேனே மாமா" என்றான்.

திண்டுக்கல் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் யாராவது உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால், அடுத்த முறை போனில் பேசும்போது இதைக் கேளுங்கள். ஃபண்டில் போடும் முன், இந்தியக் குடியுரிமை இருக்கும்வரை, ஊரிலுள்ள சின்ன அமைப்புக்கென்று ஒரு பங்கை நேரே அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே போட்டதை எஃப்சிஆர்ஏ பதிவுள்ள மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ ஒரு தேதி குறித்து ஆலோசனை எழுதச் சொல்லுங்கள். கொடுத்தவர் பெயரை மறைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். தை வருவதற்கு முன் கேளுங்கள். அவர்கள் கணக்கு முடிக்கும் மாதம் டிசம்பர்.